சீப்பை எடுடா தொரை!

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி இன்னா இவ்ளோ வாடிக் கிடக்குது? பூனை வாந்தி எடுத்துச்சாம், ஐயா ராத்திரி பூரா தூங்கலியாம். உன் பொண்டாட்டி மசக்கையில வாந்தி எடுத்தப்போ நீ ஒரகடம் கம்பெனியில ஓவர்டைம் பார்த்துக்கினு இருந்தே. இப்போ பூனைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கே. சரி, பாசம் எந்த மூலையில முளைக்கும்னு நமக்கு இன்னா தெரியும்!

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மனசைத் தேத்திக்கோ. தரையில நீ பார்த்தது பேயும் இல்ல, பில்லி சூனியமும் இல்ல, குடல் அறுந்து வந்ததும் இல்ல. முடி. அது நக்கி முழுங்கின அதோட சொந்த முடி. முடி உருண்டைன்னுதான் பேரு, ஆனா உருண்டையா வந்து விழாது. வயித்துக்குள்ள எப்படிச் சுருண்டு கிடந்தாலும் குறுகலான தொண்டை வழியா வர்றப்போ நீளமா அமுங்கித்தான் வரும். நனைஞ்சுபோன தார்க்குச்சி மாதிரி இருந்துச்சுன்னு சொன்னே பாரு, தறிக்காரன் பேரன்தான்னு அந்த ஒரு வார்த்தையில காட்டிட்டே. சந்தோஷம்.

பூனை நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கியா? எங்க, அது உன்னை நக்குனா நீ போட்டோ எடுத்துப் போடுவே, தொட்டுப் பார்க்க மாட்டே. நாக்கு பூரா சின்னச் சின்ன முள்ளு. நம்ம நகம் எதுல ஆனதோ அதே கெரட்டின்ல ஆனது. எல்லா முள்ளும் தொண்டையைப் பார்த்தே வளைஞ்சிருக்கும். உதிர்ந்த முடி அதுல மாட்டுச்சுன்னா வெளிய துப்ப வராது, உள்ளதான் போவணும். 2018ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்னு ஒரு காலேஜ்ல அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூன்னு ரெண்டு பேரு பூனை நாக்கை ஸ்கேன் எடுத்து ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்களாம். அந்த முள்ளு நுனியெல்லாம் குழிவா இருக்குதாம். எச்சிலை மொண்டு மொண்டு முடியோட அடிவரைக்கும் கொண்டு போவுதாம். நான் எந்தக் காலேஜ்ல படிச்சேன்னு பார்க்கிறியா? என் மச்சான் பேத்தி வேப்பேரியில கால்நடை டாக்டருக்குப் படிச்சவ. 1903லயே ஆரம்பிச்ச காலேஜ்டா அது. அவ சொல்லுவா, நான் தலையாட்டுவேன். அப்புறம் அதையே நான் கண்டுபிடிச்ச மாதிரி உன்கிட்ட சொல்லுவேன். பெரியவங்க அறிவுரைன்னா பின்ன எப்படி வருதுன்னு நினைச்சே?

அந்த ஆராய்ச்சியில உனக்குன்னே ஒரு வரி இருக்குது. பெர்சியன் பூனைக்கு முடி அவ்ளோ நீளமாம், நாக்கு முள்ளு தோல் வரைக்கும் எட்டவே எட்டாதாம். புரியுதா? முகூர்த்தப் பட்டு விலை குடுத்து நீ வாங்கிக்கினு வந்தது தன்னைத் தானே முழுசா சுத்தம் பண்ணிக்க முடியாத பூனையை. குளிர் தேசத்துச் சால்வையைப் போத்திக்கினு பிள்ளையார்பாளையத்துக் கத்திரி வெயில்ல ஃபேனுக்குக் கீழ படுத்திருக்குது மகராணி. அதுக்கு ஒரு முடி சீவுற ஆள் வேணும். அந்த உத்தியோகம் உன் ஜாதகத்துல எழுதியிருக்குது, தப்பிக்க முடியாது.

நாங்களும் பூனை வளர்த்தவங்கதான். கஞ்சி போட்ட பாவுல எலி வாய் வச்சா ஒரு புடவை போச்சு, ஒரு மாசச் சோறு போச்சு. அதுக்காகவே தறி வீட்டுல பூனை இருக்கும். தறிக்குழியில கால் மிதிக்கிற எடத்துல சுருண்டு படுத்துக்கும். குட்டை முடி, எப்பவாவது மூலையில கக்கும். உங்க பாட்டி திட்டிக்கினே துடைப்பா. அவ்ளோதான் வைத்தியம். முடி செரிக்காது, ஆனா பெரும்பங்கு பின்வழியாப் போயிடும். நாய்க்கு ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல வயிறு ஒரு பெரிய அலையா அமுக்கி, செரிக்காத குப்பையை எல்லாம் குடலுக்குத் தள்ளிவிடுமாம். பூனை வயித்துல அந்தப் பெரிய அலை கிடையாது. அதனால கொஞ்சம் முடி தங்கும், தங்கினது சேரும், சேர்ந்தது ஒருநாள் வந்த வழியே திரும்பும். நீள முடின்னா சேர்றதும் ஜாஸ்தி. இதுல அழறதுக்கு இன்னா இருக்குது?

இப்போ நம்ம ஊர் வைத்தியருங்களைப் பார்ப்போம். ஒரு வீட்டுல பூனை கக்குனா தெருவுல பத்து டாக்டர் முளைப்பான். எதிர்வீட்டு அம்மா, வரதராஜர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்து அதே கையால பூனையைத் தடவச் சொன்னாங்களாமே? பல்லி மேல விழுந்தா வர்ற தோஷத்துக்குத்தான் அங்க பரிகாரம். பூனைக்குக் கடவுள் வேற பரிகாரம் வச்சிருக்கார். அதுக்குப் பேரு சீப்பு. உங்க அம்மா சங்குல விளக்கெண்ணெய் எடுத்துக்கினு பூனையைத் துரத்துனாளா? உன்னையும் அப்படித்தான் துரத்தினா, நீ பொழைச்சே. பூனை பொழைக்காது. வலுக்கட்டாயமா வாயில எண்ணெய் ஊத்துனா அது மூச்சுக்குழாய்ல இறங்கி நுரையீரல்ல சளிக்காய்ச்சல் வந்துடும். அதுவும் மெடிக்கல்ல விக்கிற லிக்விட் பாரஃபின் இருக்குதே, அதுக்கு ருசியும் இல்ல வாசனையும் இல்ல. தொண்டையில போறதே பூனைக்குத் தெரியாது, இரும வராது, நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஊத்தாதே.

ஆன்லைன்ல பேஸ்ட் வாங்கிட்டேன்னு பெருமையாக் காட்டுறியே, அதைத் தப்புன்னு சொல்லல. வழவழன்னு இருக்கும், முடி வழுக்கிக்கினு பின்பக்கமாப் போவும். டாக்டர் சொன்ன அளவுல எப்பவாவது குடு. பாதத்துல தடவிவிட்டா அதுவே நக்கிக்கும், சண்டை வேணாம். ஆனா சட்னி மாதிரி தினமும் வச்சேன்னா, சாப்பாட்டுல இருக்கிற வைட்டமினையும் உடம்புல சேரவிடாம இழுத்துக்கினு போயிடும்.

வயித்துல உருளுற சமாச்சாரத்தை வச்சு உலகமே ஏமாந்திருக்குதுடா, நீ ஒருத்தன் இல்ல. ஆட்டு வயித்துல முடியும் நாரும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாப் போறதை எடுத்து, விஷத்தை முறிக்கும்னு ராஜாக்கள் தங்கம் குடுத்து வாங்குன காலம் உண்டு. பிரான்சு தேசத்துல ஒன்பதாம் சார்லசுன்னு ஒரு ராஜா. அவன்கிட்ட அந்தக் கல்லு இருந்துச்சு. அம்ப்ருவாஸ் பாரேன்னு அரண்மனை வைத்தியர், அதெல்லாம் சும்மா உடான்ஸுன்னாரு. வெள்ளிப் பாத்திரம் திருடித் தூக்குத் தண்டனை வாங்கின சமையல்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டு, விஷம் குடி, கல்லு மருந்தும் தரோம், பொழைச்சா விடுதலைன்னாங்க. பாவம், துடிச்சுத் துடிச்சுச் செத்தான். ராஜாவுக்கு அப்பத்தான் புத்தி வந்துச்சு. அதனால உன் பூனை கக்குனதைக் கழுவிக் காய வச்சு மாடத்துல வைக்காதே. குப்பையில போடு.

சரி, வேலைக்கு வருவோம். பெர்சியன்னா தினமும் சீவணும். குட்டை முடின்னா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும். நீ சீப்புல எடுக்கிற ஒவ்வொரு முடியும் அது வயித்துக்குப் போகாத முடி. இதைவிட மலிவான மருந்து காஞ்சிபுரத்துல எந்தக் கடையிலயும் கிடையாது. இரும்புப் பல்லு வச்ச சீப்பா வாங்கு. அகலப் பல்லுல ஆரம்பிச்சு நெருக்கப் பல்லுல முடி. மேலாக்க முதுகை நாலு தடவு தடவிட்டு வீடியோ எடுத்துட்டுப் போயிடாதே. காதுக்குப் பின்னால, அக்குள்ல, தொடைக்குப் பின்னால, வாலுக்கு அடியில, அங்கதான் சிக்கு விழும். சிக்கு விழுந்தா கத்தரியை எடுக்காதே. நூல் பிசிறு வெட்டுற கைதானேன்னு நினைப்பே. பூனைத் தோலு மெல்லிசு, சிக்கோட சேர்ந்து மேல எழும்பி வரும், தோலையே வெட்டிடுவே. விரலால கொஞ்சம் கொஞ்சமாப் பிரி. பிரியலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி மழிச்சுடு. சிக்கோட குளிப்பாட்டவும் கூடாது, தண்ணி பட்டா இன்னும் இறுகிப் போவும். சீவி முடிச்சதும் ஈரக் கையால ஒரு தடவை மேலாக்கத் தடவு, மிச்ச உதிரி முடி கையோட வந்துடும்.

"பூனை சீவ விடமாட்டேங்குது தாத்தா"ன்னு நீ சொல்லுவே, தெரியும். சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டே இழுப்பு, உடனே ஒரு துண்டு மீன். அடுத்த நாள் மூணு இழுப்பு. கூலி இல்லாம எந்தத் தறியும் ஓடாதுடா, பூனைக்கு மட்டும் இன்னா தலையெழுத்து? உப்பு, புளி, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத வெந்த மீனா இருக்கணும், அது முக்கியம். வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தையே கெடுக்கும். குழம்புச் சட்டி வழிச்ச சோத்தை வைக்கிறதை உங்க அம்மா இன்னைக்கோட நிறுத்தணும். தயிர்ச் சாதம் போட்டு அதைச் சைவமாக்குறதையும்தான். பூனை கறி தின்னப் பொறந்த ஜாதி. உங்க வீட்டுப் பிரதோஷம் அதுக்குக் கிடையாது.

தண்ணி விஷயம் கேளு. பூனையோட பாட்டன் பூட்டன் பாலைவனத்துக்காரன். தாகம் எடுத்தாலும் லேசுல குடிக்காது. வரட்டு பிஸ்கட்டு தீனி மட்டும் போட்டா குடல் வறண்டு, முடி நகராம நின்னுடும். ஈரத் தீனி சேர்த்துக்கோ. வீட்டுல ரெண்டு மூணு எடத்துல தண்ணி வை. சாப்பாட்டுத் தட்டுக்கு ஒட்டி வைக்காம கொஞ்சம் தள்ளி வை. நார்ச்சத்தும் முடியை நகர்த்தும். உப்பில்லாம வேகவச்சு மசிச்ச பரங்கிக்காய் ஒரு சின்ன ஸ்பூன், இல்லாட்டி டாக்டர் சொல்ற அளவுக்கு இசப்கோல் ஒரு சிட்டிகை, ஈரத் தீனியில கலந்து குடு. ஒரு தொட்டியில கோதுமை போட்டு முளைக்க வையேன். பூனைக்குப் புல்லு மேயறதுன்னா பிரியம். தொட்டிப் புல்லு இருந்தா மருந்து தெளிச்ச செடி பக்கம் அவ்ளோவாப் போவாது. கொல்லையில குப்பைமேனி இருந்தா அதோட வேரைப் பிடுங்கிக் காட்டிப் பாரு, சில பூனை வேருல மூஞ்சியைத் தேய்ச்சு உருளும். அது வேடிக்கைக்கு, முடிக்கு மருந்து இல்ல. கல்யாணத்துக்கு வர்ற பூங்கொத்துல லில்லிப் பூ இருந்தா மட்டும் வீட்டுக்குள்ள விடாதே. அதோட மகரந்தம் பட்டாக்கூட பூனைக்குச் சிறுநீரகம் போயிடும்.

இவ்ளோ பண்ணியும் கக்கிக்கினே இருந்தா, ஏன் இவ்ளோ நக்குதுன்னு பாரு. தெள்ளுப் பூச்சி இருக்கலாம். நம்ம பேன் சீப்பு இருக்குதே, அதால சீவி, விழுற கறுப்புத் தூளை ஈரத் துணியில வை. சிவப்பாக் கசிஞ்சா பூச்சிதான், அது ரத்தம் குடிச்சுப் போட்ட எச்சம். மருந்து பூனைக்குன்னு இருக்கிறதா வாங்கு. பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டதுல மிச்சம்னு வாங்கித் தடவினே, தொலைஞ்சே. நாய் மருந்துல பெர்மெத்ரின் இருக்கலாம்; பூனைக்கு அது விஷம். தோல் அரிப்பு, வலி, புது வீடு, புதுக் குழந்தை, வேலையில்லாச் சலிப்பு, எல்லாத்துக்கும் பூனை நக்கும். நீ சலிச்சா போனைத் தடவுறே, அது உடம்பைத் தடவிக்குது.

இதுவரைக்கும் சொன்னதுல பாதியை மறந்தாலும் பரவாயில்ல. இப்போ சொல்றதை மட்டும் மறக்காதே. நம்ம ஊர்ப் பூனைக்கு எமன் முடி இல்லடா, நூலு.

உன் வீட்டு நடுக்கூடத்தைப் பாரு. ஒரு பக்கம் ராட்டை, ஒரு பக்கம் தார்க் கூடை, தறிக்கடியில அறுந்த ஊடை. உன் பொண்டாட்டி முந்திக்குக் குஞ்சம் கட்டுறா, வெட்டின நூல் கீழ கிடக்குது. நடுவுல ஜரிகைத் துண்டு மினுக்குது. உள்ள பட்டு, மேல சுத்தின வெள்ளி, அதுக்கு மேல தங்க முலாம். மனுஷனே அதைப் பார்த்தா வாயைப் பொளக்குறான், பூனை விட்டுடுமா? விளையாட்டா வாயில வைக்கும். அந்த நாக்கு முள்ளு இருக்குதே, தொண்டையைப் பார்த்து வளைஞ்சது, வெளிய துப்ப விடாது. முழுங்கிக்கினே போவும். ஒரு முனை நாக்குக்கு அடியிலயோ வயித்து வாயிலயோ மாட்டிக்கும். மறு முனை குடல்ல எறங்கும். குடல் அதை நகர்த்தப் பார்த்துப் பார்த்துத் தானே சுருக்கம் சுருக்கமா மடிஞ்சு போயிடும். இழுபட்ட நூலு குடலையே அறுத்துடும். அப்புறம் ஆபரேஷன்தான். முடி உருண்டைன்னு நினைச்சு பேஸ்ட்டு தடவிக்கினு ரெண்டு நாள் உக்காந்திருந்தா ஆபரேஷனுக்கும் ஆள் இருக்காது.

வாயிலயோ பின்பக்கமோ நூல் தொங்குறதைப் பார்த்தா, கை அரிக்கும். தறிக்காரன் கை, தொங்குற இழையைக் கண்டா இழுக்காம இருக்காது. இழுக்காதே! உள்ள எங்க மாட்டியிருக்குதோ, இழுத்தா அந்த எடம் கிழியும். வெட்டவும் வேணாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேணாம். அப்படியே கூடையில போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஊசியோட கோத்த நூலுன்னா இன்னும் சீக்கிரம் ஓடு. அதைவிடச் சுலபம் ஒண்ணு சொல்றேன். பொழுது சாய்ஞ்சா தறிக்கடியைப் பெருக்கு. தாரை மூடி போட்ட டப்பாவுல வை. குஞ்சம் கட்டி முடிச்சதும் பிசிறு பூரா ஒரு பையில போட்டு முடிச்சுப் போடு. வீடு சுத்தமா இருக்கணும்னு உன் பொண்டாட்டி சொன்னப்போ கேக்கலியே, பூனைக்காகவாவது கேளு. அவளுக்குக் காரணம் சொல்லாதே, அவளுக்காகத்தான் பெருக்குறேன்னு சொல்லு. ராத்திரி நல்ல சோறு கிடைக்கும்.

எப்போ டாக்டர்கிட்ட போவணும்னு கேக்குறியா? எப்பவாவது ஒண்ணு கக்கிட்டு அடுத்த நிமிஷமே சோறு கேட்டா, துடைச்சுட்டுத் தூங்கு. அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒருக்கா குளத்துலேருந்து எழுந்தார், 2019ல 48 நாள் சேவை சாதிச்சார், திரும்பிப் போயிட்டார். உன் பூனை வாராவாரம் தரிசனம் குடுத்தா அது பெருமை இல்ல. குடல்ல ஏதோ கோளாறா இருக்கலாம், முடி அதைக் காட்டிக் குடுக்குது. திரும்பத் திரும்ப ஓங்கரிச்சும் ஒண்ணும் வரல, வயிறு உப்பிக் கல்லு மாதிரி இருக்குது, வெளிக்குப் போவல, சோர்ந்து மூலையில ஒளியுதுன்னா அன்னைக்கே கிளம்பு. இன்னொண்ணும் கவனி. தரையோட பம்மிக் கழுத்தை நீட்டிக்கினு கொர் கொர்ருனு இருமி, கடைசில ஒண்ணுமே வெளிய வரலேன்னா அது முடியா இருக்காது, ஆஸ்துமாவா இருக்கலாம். எல்லாரும் முடின்னே நினைச்சு மாசக்கணக்கா விட்டுடுவாங்க. அப்படி இருமறப்போ வீடியோ எடுத்து டாக்டருக்குக் காட்டு. அந்தப் போனுக்கும் வாழ்க்கையில ஒரு உருப்படியான வேலை கிடைக்கட்டும்.

அப்புறம் போன தடவை சொன்னியே, "ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல தாத்தா, சாதுவா இருக்குது, விரதம் போல"ன்னு. மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறையில ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு கையைத் தூக்கித் தவம் பண்ணுது, பார்த்திருக்கியா? சுத்தி எலிங்க கும்பிட்டுக்கினு இருக்கும். நம்ம பல்லவ ராஜாக்கள் கேலி தெரிஞ்சவங்க. அந்தப் பூனை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல பட்டினி கிடக்குது, ஒண்ணும் ஆவல. அதுக்குக் கல்லு வயிறு. உன் பூனைக்கு ஒரு நாளைக்கு மேல பட்டினி ஆகவே ஆகாது. அதுவும் குண்டுப் பூனைன்னா ரெண்டு மூணு நாள்லயே கல்லீரல்ல கொழுப்பு அடைச்சு உயிருக்கே வந்துடும். பூனை சாமியாரானா நம்பாதே, ஆட்டோ பிடி.

யோசிச்சுப் பார்த்தா பூனையைப் பத்திச் சண்டை போட நம்ம ஊரை விட்டா வேற ஊர் ஏது? குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடிச்சுக்கிற மாதிரி பக்தன் பெருமாளைப் பிடிச்சுக்கணும்னு வடகலை சொல்லும். பூனைக்குட்டி சும்மா கிடந்தாலும் தாய் கவ்வித் தூக்கிக்கும், அப்படி அவனே பார்த்துப்பான்னு தென்கலை சொல்லும். வேதாந்த தேசிகர் பொறந்த தூப்புல் இங்கதான் இருக்குது. யானை நெத்தியில எந்த நாமம் போடறதுன்னு கோர்ட்டுப் படியேறின ஊரும் இதுதான். நான் ரெண்டு பக்கமும் பேச மாட்டேன், ரெண்டு பக்கத்துலயும் எனக்குப் புடவை பாக்கி இருக்குது. ஆனா உன் வீட்டு விஷயத்துல ரெண்டு கலையும் ஒத்துப்போவும்டா. அந்தப் பெர்சியன் மகராணி உன்னைப் பிடிச்சுக்கவும் மாட்டா, முயற்சியும் பண்ண மாட்டா, மெத்தையில கிடப்பா. கவ்வித் தூக்குற தாய்ப்பூனை வேலை முழுக்க உன்னோடது. இதுக்கு மேல அப்பீல் கிடையாது. போ, கடை மூடுறதுக்குள்ள இரும்புச் சீப்பு ஒண்ணு வாங்கு. பூனைக்கு ஒண்ணு வாங்கறப்பவே உன் தலைக்கும் ஒண்ணு வாங்கிக்கோ. ஊர்ல யாரு சீவிக்கல, யாரு கக்கினதுன்னு எனக்கே குழப்பமா இருக்குது.